வாயைத் திறந்தபடி ஒருத்தி

மகள் இறந்த மூன்றாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குத் தேய்ப்பு மேசை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு, அதில் பாதி அளவு தலையணை உறை, அதற்கு மேல் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். பதினோரு வருஷம் அதே மேசையில் நின்றதில் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிப்போயிருந்தது. வெந்நீரும் சோடாவும் நீராவியும் சேர்ந்து கைகளை வீங்கவைத்துச் சிவக்கவைத்திருந்தன. இடது மணிக்கட்டுக்கு மேலே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டுக் கருகிய முக்கோணத் தழும்பு. அந்த மேசைக்கு வந்த எல்லாருக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. கூடம் குத்தின முத்திரை என்று பெண்கள் சிரித்துக்கொள்வார்கள்.

குழந்தை இறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் கிடந்தாள். ஏழு வயது. அவள் படுத்திருந்த விரிப்பு வெளுத்து, காய்ந்து, மற்ற விரிப்புகளோடு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏதாவது ஒரு நாள் அம்மாவின் மேசைக்கும் வரும். எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. தேய்ப்புக்காரி எல்லாவற்றையும் தேய்த்தாள்.

அவள் அழவில்லை. குடியிருப்பின் மாடிப்படி முழுக்க அதுதான் பேச்சு. பெற்ற வயிறு பற்றி எரிய வேண்டாமா, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்றார்கள். கீழ்வீட்டுக்காரி அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயரே வைத்துவிட்டாள். அவள் வேண்டுமென்று அடக்கிக்கொள்ளவில்லை. அழுகை தொண்டை வரைக்கும் வரும். அங்கே என்னவோ அடைத்துக்கொண்டிருக்கும். வந்த வழியே இறங்கிப் போய்விடும். புருஷன் டவுன் பஸ் டிரைவர். அவனும் வாய் திறக்கிற ரகம் இல்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்றாவது நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தது யார் என்றுகூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டில் ஓவியர் ஒருவர் குடியிருந்தார். தனி ஆள், ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அவர் வரைகிற வீடுகள் சாய்ந்து நிற்கும், தெருக்கள் வயிற்று வலிக்காரன்போலச் சுருண்டு கிடக்கும், மனிதர்களின் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். அதனால் அவர் பெயர் கோணல் சார். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோடு நேராக வேண்டுமென்றால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்பார்.

மதியத்தோடு பள்ளி விட்டு வந்து, அம்மா வருகிற வரைக்கும், குழந்தை அவர் அறையில்தான் இருப்பாள். உடைந்த கிரேயான் துண்டுகளை வைத்துக்கொண்டு எதையாவது கிறுக்குவாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம் தேய்ப்புக்காரி அவர் கதவைத் தட்டினாள். குழந்தை வரைந்த தாள் ஏதாவது இருந்தால் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் ஒரு கட்டாகவே எடுத்துக் கொடுத்தார், நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டார்.

"உன்னை ஒரு படம் வரையலாமாம்மா?"

"என்னை எதுக்கு சார்?"

"சொல்லத் தெரியலை. மூணு வாரமா உன் வீட்டுக் கதவு திறக்குற சத்தமும் மூடுற சத்தமும்தான் கேக்குது. வேற ஒரு சத்தமும் வரலை."

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் படம் இல்லை. ஆறு மணிக்குத் தொடங்குகிற ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். புருஷன் வர ஐந்தாகும். நடுவில் உள்ள நேரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் குழந்தை உட்கார்ந்த முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பட்டது.

ஒன்பது நாள் போனாள். அசையாமல் உட்கார அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டர்ப்பன்டைன் வாடை தலைக்கு ஏறும். அவர் வரைவதைப் பார்த்தால் வரைவதுபோலவே இருக்காது. பாத்திரம் தேய்ப்பதுபோல, சண்டை போடுவதுபோல, தூரிகையை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் அப்புவார். சுவரெல்லாம் வெளிநாட்டுப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். ஒரு பாலத்தின்மேல் மண்டையோடு மாதிரி ஓர் உருவம் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. மேலே வானம் ரத்தமாய் நெளிந்தது. இவன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க. கத்துறது அவன் இல்லை, அவனைச் சுத்தி இருக்கிற உலகம். தாங்க முடியாம காதைப் பொத்திக்கிறான். மூங்க்னு ஒருத்தர் வரைஞ்சது." அவர் தட்டில் பச்சையைப் பிதுக்கினார். "கண்ணுக்குத் தெரியறதை அப்படியே பிடிக்கத்தான் கேமரா வந்தாச்சே. வயித்துக்குள்ள என்ன நடக்குதோ அதை வெளியில எடுத்துப் போடுவோம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. அந்த மாதிரி வரையறதுக்கு எக்ஸ்பிரஷனிசம்னு பேரு."

"பேரைச் சொல்றதுக்குள்ள பல்லு ஆடிரும் போலிருக்கே" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். குழந்தை போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். உடனே யாரோ பார்த்துவிட்டதுபோல அவளுக்குக் கூசியது.

இன்னொரு படம் கறுப்பு வெள்ளை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருத்தி, செத்த பிள்ளையை மடியில் போட்டு, மிருகம் குட்டியைக் கவ்வுவதுபோல அதன் நெஞ்சில் முகத்தைப் புதைத்திருந்தாள். தேய்ப்புக்காரி அதை ஒருமுறைதான் பார்த்தாள். அடுத்த நாள் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கவனித்து, படத்தைக் கழற்றிவிடவா என்றார். வேண்டாம் என்றாள். வரைந்தவர் கோல்விட்ஸ் என்ற அம்மா என்றும், தன் ஏழு வயது மகனையே கையில் ஏந்திக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வரைந்தார் என்றும் சொன்னார். பதினொரு வருஷம் கழித்து அந்த மகன் நிஜமாகவே போரில் செத்துப்போனான் என்பதையும் சொன்னார். சொன்ன பிறகுதான் ஏழு வயது என்பது உறைத்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த எக்ஸ்பிரஷனிசக் கூட்டத்துக்கு நேர்ந்ததையும் ஒருநாள் சொன்னார். அவர்கள் நாட்டில் ஆட்சிக்கு வந்தவர்கள் இந்தப் படங்களை நோய் என்றார்கள். பிடுங்கி வந்து, ஊர் சிரிக்கட்டும் என்று கண்காட்சி வைத்தார்கள். கிர்க்னர் என்பவரின் படங்கள் மட்டும் அறுநூறுக்கு மேல் பிடுங்கப்பட்டன. அடுத்த வருஷம் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இதையெல்லாம் கோணல் சார் பழைய கதையாகத்தான் சொன்னார். எங்கேயோ, எப்போதோ நடந்தது.

பத்தாம் நாள் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

முகம் பச்சை. கண்ணைச் சுற்றி மஞ்சள், பழைய காயம் ஆறும்போது வருமே அந்த மஞ்சள். கைகள் இரண்டும் உடம்பைவிடப் பெரிதாக, தோலுரித்த இறைச்சிபோலச் சிவந்து, மடியில் ஒன்றுமில்லாமல் மல்லாந்து கிடந்தன. இடது மணிக்கட்டில் முக்கோணம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாய். பாழுங்கிணறு மாதிரி, கறுப்பாக, அடி தெரியாமல், அகலத் திறந்திருந்தது.

"நான் வாயைத் திறக்கவே இல்லையே சார்."

"தெரியும்மா."

"ஒன்பது நாளும் மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்."

"ஆமா."

"அப்ப இது யாரு?"

அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டு அழுக்குத்துணியை நடுத்தெருவில் கொடி கட்டிக் காயப்போட்டதுபோல இருந்தது அவளுக்கு. இந்தப் படத்தில் இருப்பவள் நான் இல்லை, இனிமேல் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் டிரைவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். அடித்து நொறுக்கும் சத்தம் வரும் என்று அவள் அடுப்பங்கரையில் நின்று காத்திருந்தாள். வரவில்லை. அரை மணி கழித்து வந்தான். ஸ்பானரைப் பெட்டியில் வைத்தான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினான். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யவில்லை என்றான்.

அந்தப் படத்தை நகர மியூசியம் எடுத்துக்கொண்டது. 'தாய்' என்று பெயர் எழுதி மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் அவர் ஏறி வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அவர் ஒதுங்கி வழிவிடுவார்.

பிறகு ஆட்சி மாறியது. முதலில் கொடி மாறியது, அப்புறம் பாடப்புத்தகம், அப்புறம் அக்கம்பக்கத்து மனிதர்கள். ஆரோக்கியமான தேசத்துக்கு ஆரோக்கியமான கலை வேண்டும் என்று ரேடியோ காலையிலும் மாலையிலும் சொன்னது. வரைவதற்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. கோணல் சாருக்கு உரிமம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வேலையும் போயிற்று. வண்ணம் விற்கிற கடைக்காரர் அவரைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். வாரத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வந்து தூரிகைகளின் மயிரை விரலால் அழுத்தி, ஈரம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போனார். அது கதவு இடுக்கு வழியாகத் தேய்ப்புக்காரிக்கும் தெரிந்தது. பாவம் என்று நினைத்தாள். வெளியே வரவில்லை.

ஒரு முற்பகல், அவளுக்கு வார விடுமுறை நாள், நாலு பேர் வந்து அவர் வீட்டிலிருந்த படங்களை எல்லாம் படிவழியாக இறக்கினார்கள். திருப்பங்களில் படச்சட்டங்கள் சுவரில் இடித்துக் காரை பெயர்ந்தது. அவர் கையில் கெட்டிலோடு படிமேட்டில் நின்றிருந்தார். தேநீர் போடப் போன நேரத்தில் வந்துவிட்டார்கள் போல. தேய்ப்புக்காரி கதவைத் திறந்துவிட்டாள். அது எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆறு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ளே போம்மா" என்றார் தணிந்த குரலில். "மியூசியத்துல இருக்கிறதையும் எடுக்கிறாங்களாம். படத்துல இருக்கிறது நீ இல்லைன்னு அன்னிக்கே சொன்னே பாரு, அது ரொம்ப நல்லதாப் போச்சு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சிரிப்பும் வந்தது அவர் முகத்தில். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதிகாரி மேலே ஏறி வரும் காலடி கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள். மறுவாரம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, டயர் கடைக்குப் பின்னால் குடியிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள்.

நாலு மாதம் கழித்துச் சலவைக்கூடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நோய் பிடித்த ஓவியங்களின் கண்காட்சி, எல்லா ஊழியரும் கட்டாயம் பார்க்க வேண்டும், சனிக்கிழமை பஸ் வரும், வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். பெண்களுக்கு மகிழ்ச்சிதான். நின்ற இடத்தில் நில்லாமல் ஒரு நாள் வெளியே போகலாமே.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிரைவர் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடு."

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?"

"போட்டுடுன்னா போட்டுடு."

"காரணம் எழுதிக் குடுக்கணும். டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும். எதுக்கு?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவளும் விட்டுவிட்டாள். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று காலையில் கிளம்பிப் போனாள். கூடத்து வாசலில் பஸ் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அவள் புருஷனே இருந்தான். அந்த மாதம் முழுக்க ஆட்களைக் கண்காட்சிக்கு ஏற்றிப் போகிற வேலை அவனுக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கண்காட்சியைப் பழைய சுங்கக் கிடங்கில் வைத்திருந்தார்கள். தாழ்ந்த கூரை, நெருக்கி நெருக்கிப் படங்கள். சட்டம் கழற்றி, கயிற்றில் கட்டி, வேண்டுமென்றே சாய்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் ஏச்சுகள். விளக்கம் சொல்ல ஓர் ஆள், கையில் பிரம்பு, நன்றாகத் தேய்த்த சட்டை. கஞ்சி அளவாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. அவர் ஒவ்வொரு படத்தையும் பிரம்பால் தட்டிக் காட்டி ஒரு நகைச்சுவை சொல்வார். சலவைக்கூடத்து மேஸ்திரி முதலில் சிரிப்பார். பிறகு எல்லாரும் சிரிப்பார்கள்.

மூன்றாவது அறையில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே அட்டை: "இவள் தாயாம்! பைத்தியக்கார விடுதியில் கதவைப் பூட்ட மறந்துவிட்டார்கள்." பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்கவென்று, நிஜமான மனநோயாளிகளின் புகைப்படங்கள் நாலைந்து ஒட்டியிருந்தார்கள். நம் தாய்மாரை எப்படி அசிங்கப்படுத்தியிருக்கிறான் பாருங்கள் என்றார் பிரம்புக்காரர். சோப்புத் தொட்டியில் வேலை செய்கிற சின்னப் பெண் ஒருத்தி படத்தின் முன்னால் போய், கண்ணைப் பிதுக்கி வாயைப் பிளந்து அதேபோல நின்று காட்டினாள். சிரிப்பு கூரையில் முட்டியது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. மதியச் சாப்பாட்டில் பாதியைத் தேய்ப்புக்காரிக்குத் தருகிறவள்.

மடிப்பு மேசையில் நிற்கிற வயதான அம்மாள் ஒருத்தி இருந்தாள், எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் முன்னால் வந்தாள். படத்தின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னாள்.

"இது நம்ம கைடி. தேய்ப்பு மேசைக் கை."

திரும்பித் தேய்ப்புக்காரியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு படத்தை, பிறகு மறுபடி முகத்தை. ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அவளுடைய இடது கையைப் பிடித்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைத் தழும்பு மறைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டாள். பித்தானையும் போட்டாள். குளிரில் குழந்தைக்குப் போட்டுவிடுவதுபோல.

அந்தப் பித்தான் போட்டதில் அது கிளம்பிவிட்டது. ஆறு வருஷம் தொண்டைக்குக் கீழே கிடந்தது. முதலில் இருமல்போல ஒன்று வந்தது. அடுத்தது குரைப்புபோல. பிறகு தேய்ப்புக்காரி வாயைத் திறந்துவிட்டாள், மூடத் தெரியவில்லை. ஹா ஹா என்று வந்துகொண்டே இருந்தது. தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பாருங்க, இந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை" என்றார் பிரம்புக்காரர்.

அறையே மறுபடி சிரித்தது. தன் பேச்சுக்கு இப்படி ஒரு வெற்றி கிடைத்ததில் அவருக்கு முகமெல்லாம் பெருமை. வேறு யாரும் அடையாளம் காணவில்லை. அழுகை சிரிப்போடு சிரிப்பாகக் கரைந்துபோனது. மடிப்பக்கா அவளை இடுப்போடு அணைத்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே நடத்திப் போனாள். வாசலில் காவலர் என்ன என்று கேட்டார். "சிரிச்சுச் சிரிச்சு இவளுக்கு மூச்சு முட்டிடுச்சுங்க, காத்தாட விடுறேன்" என்றாள் மடிப்பக்கா.

கிடங்குச் சுவரோரம், கழிவுநீர் ஓடுகிற இடத்தில், இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும்போது அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவன் கண்கள் ஒருமுறை அவளைப் பார்த்தன. அன்று மாலை வீட்டில்தான் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா, அது அங்கே இருக்குன்னு?"

"தெரியும்."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"போற ட்ரிப்புக்கெல்லாம் போய்ப் பார்த்துட்டுத்தான் வருவேன்." அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். பாதியில் விரல்கள் நின்றுபோயின. "அன்னிக்கு ஸ்பானரோட போனேன்ல, அப்பவும் பார்த்துக்கிட்டே உக்காந்துட்டேன். புள்ளை போனப்ப இந்த வீட்டுல யாரும் அழலை. அங்கே ஒருத்தி அழுதுக்கிட்டிருந்தா. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் இதை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தானே என்று வந்தது. கத்தினாள். அவனும் கத்தினான். குழந்தையின் பெயரைச் சொல்லி இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள்: நீ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தால், நீங்கள் அன்றைக்கு லீவு போட்டிருந்தால். கீழ்வீட்டுக்காரி படியில் வந்து நின்று கேட்டாள். அது சமாதானமாக முடியவில்லை. களைத்துப்போய் முடிந்தது.

அடுத்த விடுமுறை நாளில் டயர் கடையைத் தேடிப் போனாள். பின்சந்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. கதவைத் திறந்த அக்காக்காரிக்குக் கால்கள் இரண்டும் யானைக்கால்போல வீங்கியிருந்தன. தம்பியைப் பார்க்க யாரும் வருவதில்லை, நீ யார் என்று நாலு முறை கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

கோணல் சார் ஒரு பலகைமேல் படுத்திருந்தார். நகராட்சியில் சுவர்களுக்கு வெள்ளையடிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். ராத்திரியில் யாராவது ஆட்சிக்கு எதிராக எழுதிவிட்டுப் போவதைக் காலையில் அழிக்க வேண்டும். சுண்ணாம்புத் தூள் நெஞ்சில் இறங்கி, பேசினால் இருமல், இருமினால் மூச்சு வாங்கல். விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சந்துப் பக்கம் பார்த்தார், யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று.

அவள் கண்காட்சியில் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தாள், எல்லாம் வந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. அவர் அட்டையில் எழுதியிருந்ததைப் பற்றியோ சிரித்தவர்களைப் பற்றியோ கேட்கவில்லை.

"கையைப் பார்த்து அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"பார்த்த உடனே. தேய்ப்பு மேசைக் கைன்னாங்க."

"எனக்குக் கை வராதும்மா" என்றார். "முகம் எப்படியோ வந்துடும். கைதான் சரியா வராது. உன் கையை மட்டும் பதினாலு தடவை சுரண்டிட்டு மறுபடி போட்டேன்." இருமல் வந்து, போய், மூச்சு திரும்புகிற வரைக்கும் காத்திருந்தார். "தெரிஞ்சிடுச்சா. சரி. சரி."

அவள் ஏதோ பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். வாரம் ஒருமுறை போனாள். ஒருமுறை டிரைவரும் கூட வந்தான். கூரையில் ஒழுகிய இடத்தில் தார் பூசிவிட்டுத் திரும்பினான். மூன்று மாதத்தில் கண்காட்சி முடிந்தது. படங்களைத் தீயணைப்பு நிலையத்தின் பின்முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நல்லவற்றை அதிகாரிகள் வெளிநாட்டுக்கு விற்றுத் தள்ளிவிட்டதாகவும் பேச்சு. 'தாய்' எதில் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எரித்த அன்று அவள் தேய்ப்பு மேசையில் இருந்தாள். டிப்போவிலிருந்து புகை தெரிந்தது என்றான் டிரைவர். அதைக் கோணல் சாரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

குளிர்காலம் தொடங்கிய வாரத்தில் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர், மடிப்பக்காவையும் சேர்த்து. அக்காக்காரியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால், இறப்பைப் பதிய தேய்ப்புக்காரி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

பதிவு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மாதிரியான ஆள்தான். வயது, விலாசம், நோய் எல்லாம் கேட்டு எழுதினார். தொழில் என்று கேட்டார்.

"ஓவியர்."

"உரிமம் இருந்துதா?"

"இல்லை."

"அப்ப அப்படி எழுத முடியாதும்மா. கடைசியா என்ன வேலை செஞ்சார்? வெள்ளையடிக்கிறவர்னு போட்டுடறேன்."

"வேண்டாம்."

"எதையாவது எழுதித்தானே ஆகணும்."

"அதை எழுதாதீங்க. வேற என்ன வேணா பண்ணுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். ஸ்கேல் வைக்காமல் கிழித்ததால் சற்றுக் கோணலாக வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

அவள் அதை யோசித்து வரவில்லை.

"தங்கச்சி."

"அக்கா ஒருத்தர் இருக்கிறதா மட்டும்தானே இதுல இருக்கு?"

"நான் சின்னவ" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. நடந்தே கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒருமணி ஆகியிருந்தது, மேசையில் இருநூறு விரிப்புகள் அப்படியே குவிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். மடிப்பக்கா தன் மேசையை விட்டு வந்து நின்று, வேர்த்து வடிய, பாதிக்கு மேல் தேய்த்து வைத்திருந்தாள். வழக்கமில்லாத கை. ஓரங்களில் சுருக்கம் இருந்தது. தேய்ப்புக்காரி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.